முகாம் இல்லாமல் பையன்கள் கூடுகை: கேள்வி பதில்

எங்கள் சபை பாளையங்கோட்டைப் பக்கம். 16 வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் 3-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ள பையன்களுக்குக் கூடுகை நடத்துகிறோம். கடைசி 9 வருடமாக இரவு தங்கும் முகாம் கிடையாது. இதைக் கேள்விப்பட்டு மற்ற சபைகளில் ஊழியம் செய்கிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

அண்ணன், முகாமை ஏன் நிறுத்தினீர்கள்? கமிட்டியில் ஏதும் பிரச்சினையா?

பிரச்சினை எதுவும் இல்லை. ஒரு வருடம் மே மாத முகாமுக்குப் பேர் கொடுக்காத பையன்களின் வீடுகளுக்குப் போனேன். ஒருவன் லீவு நாளில் அப்பாவோடு பழக்கடையில் நிற்க வேண்டும். ஒருவனுக்கு வலிப்பு உண்டு, இரவு மாத்திரை தவறக் கூடாது என்று அம்மா வெளியே தங்க விடமாட்டார்கள். இன்னொருவனுக்குத் தூக்கத்தில் படுக்கை நனைந்துவிடும். அதை வெளியே சொல்ல முடியாமல் "எனக்கு முகாம் பிடிக்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று பேரும் அதுவரை ஒரு வாரம்கூட விடாமல் வந்தவர்கள். முகாம் முடிந்த பிறகு வருவதைக் குறைத்துவிட்டார்கள். மற்றவர்கள் இரண்டு மாதம் முகாம் கதையையே பேசினால் இவர்கள் எங்கே உட்காருவார்கள்? வருடம் முழுக்கச் சேர்த்ததை மூன்று நாள் பிரித்துவிட்டது. நான்தான் அதை முன்பே கவனித்திருக்க வேண்டும்.

முகாம் இல்லாவிட்டால் அது முழுமையான சிறுவர் ஊழியமா என்று எங்கள் சபையில் பெரியவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பையன்களுக்கான கிறிஸ்தவ இயக்கமான பாய்ஸ் பிரிகேட்டின் கதையைச் சொல்லுங்கள். 1883 அக்டோபர் 4 அன்று கிளாஸ்கோவில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் அதை ஆரம்பித்தார். ஞாயிறு பள்ளியில் பெரிய பையன்களை உட்கார வைக்க முடியவில்லை. அவர் தொண்டர் படையில் பயிற்சி பெற்றவர் என்பதால் டிரில், விளையாட்டு, வேதபாடம் மூன்றையும் சேர்த்து ஒரு மிஷன் கூடத்துக்குள் நடத்தினார். அவர்களுடைய முதல் முகாம் 1886-ல்தான் நடந்தது. முகாம் வருவதற்கு முன்பே மூன்று வருடம் பையன்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. பாஸ்கெட் பால் பிறந்ததே நான்கு சுவருக்குள். 1891 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், வெளியே போக முடியாத மாணவர்களுக்காக இரண்டு பீச் பழக் கூடைகளை மேலே கட்டி அதைத் தொடங்கினார். வாலிபாலும் 1895-ல் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில் வந்ததுதான். நம் சபைக் கூடத்தை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

சனிக்கிழமை டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ். பையன்கள் விட்டு விட்டு வருகிறார்கள். தொடர் பாடம் எப்படி நடத்துவது?

தொடர் பாடம் வேண்டாம். நாங்கள் ஆறு ஆறு வாரமாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் அன்றோடு முடியும் பாடம். இரண்டு வாரம் வராதவன் மூன்றாவது வாரம் வந்தால் "போன வாரம் என்ன பார்த்தோம்?" என்று அவனைக் கேட்பதில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் கூடுகை இல்லை. மார்ச் மாதம் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களுக்கு முழு விடுப்பு. ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் ஒவ்வொருவனையும் போனில் கூப்பிட்டு ஜெபிப்போம். வருகைப் பதிவுக்குப் பரிசு கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம், கடையில் நிற்கிற பையனுக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

ஒரு கூடுகை 75 நிமிடம். முதல் 25 நிமிடம் விளையாட்டு, தாமதமாக வருகிறவனுக்கும் பாடம் தவறாது. அப்புறம் கை வேலை, கடைசியில் வேதபாடம்.

வேதபாடத்தில் பையன்கள் கொட்டாவி விடுகிறார்கள், சார்.

நாம் நிறையப் பேசுகிறோம், அதுதான் காரணம். 15 நிமிடம் போதும். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையனைப் பற்றிச் சொல்லிவிட்டு, "உன் சாப்பாடு என்றால் கொடுப்பாயா?" என்று ஒரு நாள் கேட்டேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "பாதி கொடுப்பேன் அண்ணன்" என்றான். மீதி நேரம் முழுக்க அந்தப் பாதியைப் பற்றித்தான் பேசினோம். நான் எழுதி வைத்திருந்த பாடத்தைத் தொடவே இல்லை.

கை வேலை என்றால் என்ன? முகாமில் முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது எல்லாம் உண்டே.

"இயேசுவானவர் ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார்" என்று லூக்கா 2:52 சொல்கிறது. வீட்டுக்கும் சபைக்கும் பயன்படுகிற எதுவும் அதில் அடங்கும். சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, சட்டைக்குப் பொத்தான் தைப்பது, சோறு வடிப்பது, ஆலயத்தில் மைக் செட் போடுவது, மணி அடிப்பது. வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலக்க எங்கள் சின்னப் பையன்களுக்கும் தெரியும். எங்கள் சபையில் நர்ஸாக இருக்கும் அக்கா, நெஞ்சை அழுத்தும் முதலுதவி சொல்லித்தந்தார்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. தலையணையை வைத்துப் பழகினோம்.

சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையில் பந்தி பரிமாறுவது எங்கள் பையன்கள்தான். எந்த இலையில் சாம்பார் இல்லை என்று பார்க்கக் கற்றுக்கொண்டவன் வீட்டில் அம்மாவுக்கும் ஊற்றுகிறான்.

இரவு தங்கல் இல்லை என்றால் பாதுகாப்புப் பற்றிக் கவலை இல்லைதானே?

அப்படி நினைக்காதீர்கள் சகோதரி. தவறு பகலிலும் நடக்கும். எங்களிடம் ஒரு பெரியவர் ஒரு பையனோடு தனி அறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்கும். தனிப்பட்ட முறையில் பைக்கில் கொண்டுபோய் விடுவது கிடையாது. பையன் ஏதாவது சொன்னால் "சபைப் பேர் கெட்டுவிடும்" என்று மூடி வைக்கக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பையன்களுக்கே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், வசனத்தைப் போல.

சீருடை, பேட்ஜ் வேண்டுமா?

வேண்டாம். வாங்க முடியாதவன் முதல் நாளே பின்வாங்குவான்.

ஒன்பதாம் வகுப்போடு பையன்கள் நின்றுவிடுகிறார்கள்.

எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. கேட்டுப் பார்த்தால், "சின்னப் பசங்களோட என்ன செய்ய" என்றார்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பு வந்ததும் நான்கு சின்னப் பையன்களை அவன் பொறுப்பில் விடுகிறோம். யார் வரவில்லை என்று பார்ப்பது, வீட்டில் போய் விசாரிப்பது அவன் வேலை. எல்லோரும் நின்றுவிடவில்லை என்று மட்டும் சொல்லலாம். கூட்டிப் பெருக்கும் வேலையை மட்டும் கொடுத்தால் யாரும் தங்க மாட்டார்கள்.

ஊரைவிட்டு வெளியே கூட்டிப்போவதே இல்லையா?

போவோம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவோம். பாளையங்கோட்டையிலேயே 1785-ல் எழுந்த குளோரிந்தா ஆலயம் இருக்கிறது, 1826-ல் கட்டிய, ஊசிக்கோபுரம் என்று சொல்லும் ஆலயம் இருக்கிறது. ஒரு முறை இடையன்குடிக்குப் போய், கால்டுவெல் கட்டி 1880-ல் பிரதிஷ்டை செய்த ஆலயத்தைப் பார்த்தோம். பஸ் டிக்கெட், கட்டுச் சோறு, அவ்வளவுதான் செலவு.

பையன்களே முகாம் வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

கேட்டார்கள். "முகாமில் எது பிடிக்கும்?" என்று திருப்பிக் கேட்டேன். தங்குவது என்று யாரும் சொல்லவில்லை. "ராத்திரி எல்லாரும் சேர்ந்து பாடுறது, தீ மூட்டுறது" என்றார்கள். அதனால் மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆலய வளாகத்தில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, நடுவில் தீ மூட்டி, கீர்த்தனை பாடி, கதை சொல்லி, சுடச்சுடச் சாப்பிடுகிறோம். ஒன்பதரைக்குப் பெற்றோர் வந்து கூட்டிப்போவார்கள். பழக்கடைப் பையன் கடையைச் சாத்திவிட்டு எட்டு மணிக்கு வந்து சேருவான். வலிப்பு இருக்கிற பையனின் அம்மா சமையல் செய்யும் பெண்களோடு உட்கார்ந்திருப்பார். எட்டரைக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பார். அவன் விழுங்கிவிட்டுத் திரும்பவும் தீப்பக்கம் ஓடிவிடுவான்.