ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேண்டாம்

கேள்வி: எனக்கு 34 வயது. டெக்சாஸில் இர்விங்கில் இருக்கிறோம். தைராய்டு குறைவுக்காக ஆறு வருடமாக சின்த்ராய்டு 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். கணவர் வேலை மாறியதில் பழைய இன்சூரன்ஸ் ஐந்து வாரம் முன்பு முடிந்துவிட்டது. புது கம்பெனியில் தொடங்க மூன்று மாதம் ஆகுமாம். வழக்கமான கடையில் 90 மாத்திரைக்கு 160 டாலருக்கு மேல் கேட்டார்கள், வாங்காமல் வந்துவிட்டேன். கையில் இருப்பதை மூன்று வாரமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். உடம்பில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த மாதம் அம்மா மதுரையிலிருந்து வருகிறார், அங்கே கிடைக்கும் தைராய்டு மாத்திரை தைரோநார்ம் வாங்கிவரச் சொல்லலாமா? இரண்டாவது குழந்தைக்கும் முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்.
– ஒரு வாசகி, இர்விங்

பதில்: அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. அதனால் பணக் கணக்கைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். நாளைக் காலையிலிருந்து தினமும் முழு மாத்திரை போடுங்கள். விட்ட நாட்களுக்கு ஈடாகச் சேர்த்துப் போட வேண்டாம். கையிருப்பு தீர்வதற்குள் அடுத்த பாட்டில் வந்துவிடும், அதுவும் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைந்த செலவில்.

உடம்பில் வித்தியாசம் தெரியவில்லை என்கிறீர்கள். இந்த மருந்தின் குணமே அதுதான். இன்று போட்ட மாத்திரையில் பாதி ரத்தத்திலிருந்து இறங்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் முதல் சில வாரங்கள் பழைய சேமிப்பில் வண்டி ஓடும். அப்புறம்தான் சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்வு, மாதவிடாய் தள்ளிப்போவது எல்லாம் ஒவ்வொன்றாக வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் நீங்கள் போடுவது 75 அல்ல, சராசரியாக 37 சொச்சம்தான். கரு உருவான முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே ஆதாரம். தான் கர்ப்பம் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தத் தேவை தொடங்கிவிடுகிறது. குழந்தைக்கு முயற்சி செய்யும் நேரத்தில், தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான டிஎஸ்எச் 2.5க்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் பார்ப்பது இதற்காகத்தான். பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலோருக்கு அப்போது அளவைக் கால் பங்காவது கூட்ட வேண்டிவரும்.

சரி, இப்போது பணம். நான் அமெரிக்காவில் பல வருடம் பார்மசி கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவள். மாத்திரை விலை கேட்டு முகம் வாடித் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கேட்டது பிராண்டின் விலை. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. சின்த்ராய்டு என்பது பெயர். உள்ளே இருக்கும் மருந்து லெவோதைராக்சின். தைராக்சினை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கி 1927லேயே காட்டிவிட்டார்கள். காப்புரிமை எதுவும் மிச்சமில்லாத பழைய மருந்து இது. அமெரிக்காவில் அதிகம் எழுதப்படும் மருந்துகளில் ஒன்றும்கூட. பிராண்டு பெயர் இல்லாமல் விற்கும் ஜெனரிக் லெவோதைராக்சின் மூன்று மாதத்துக்கு, கடையைப் பொறுத்து, பத்து டாலரிலிருந்து முப்பது சொச்சம் டாலருக்குள் கிடைக்கும்.

ஆறு வருடமாக உங்களுக்கு பிராண்டே வந்துகொண்டிருக்கிறது என்றால், டாக்டர் சீட்டில் "மாற்றிக் கொடுக்கக் கூடாது" என்று குறித்திருக்கலாம். அப்படி இருந்தால் கடைக்காரர் ஜெனரிக் தர முடியாது. அதனால் முதல் போன் கிளினிக்குக்கு. "இன்சூரன்ஸ் இல்லை, லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம், ஜெனரிக், 90 மாத்திரை, ரீஃபிலோடு அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் இதற்காக நேரில் வரச் சொல்ல மாட்டார்கள். மாதா மாதம் 30 வாங்குவதைவிட 90 ஆக வாங்கினால் ஒரு மாத்திரையின் விலை குறையும்.

எந்தக் கடைக்கு அனுப்பச் சொல்வது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கடைகளில் இதே மாத்திரைக்கு மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். வால்மார்ட் 2006இல் 4 டாலர் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. 30 நாளுக்கு 4, 90 நாளுக்கு 10 என்ற அந்தக் கணக்கு இன்றும் பல மருந்துகளுக்கு இருக்கிறது. பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் 75 மைக்ரோகிராமுக்கு என்ன விலை என்று போனிலேயே கேளுங்கள். காஸ்ட்கோ பார்மசியில் மருந்து வாங்க மெம்பர் கார்டு தேவையில்லை. வாசலில் "பார்மசிக்குப் போகிறேன்" என்றால் விட்டுவிடுவார்கள். அமெரிக்கத் தொழிலதிபர் மார்க் கியூபன் 2022 ஜனவரியில் தொடங்கிய காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் ஆன்லைன் கடை, அடக்க விலையோடு 15 சதவீதம் சேர்த்து, பார்மசி கூலியும் தபால் செலவும் போட்டு விற்கிறது. கணக்கு வெளிப்படையாக இருப்பதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் வீட்டுக்கு வர நாளாகும். டெக்சாஸ் கோடையில் தபால் பெட்டிக்குள் பார்சல் வெந்துகொண்டிருக்க விடாதீர்கள், இந்த மாத்திரைக்குச் சூடு ஆகாது.

கடையில் விலை கேட்கும்போது இரண்டு தடவை கேளுங்கள்: கையில் காசு கொடுத்தால் எவ்வளவு, கூப்பன் போட்டால் எவ்வளவு. குட்ஆர்எக்ஸ் போன்ற கூப்பன்கள் இலவசம். போனில் எடுத்து கவுன்ட்டரில் காட்டினால் போதும், பல கடைகளில் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு எச்சரிக்கை. பயனாளர்களின் மருந்து விவரங்களை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக 2023இல் குட்ஆர்எக்ஸ் மீது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டு, அந்த நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஆப் இறக்காமல், கணக்கும் தொடங்காமல், கூப்பன் எண்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

150 மைக்ரோகிராம் வாங்கிப் பாதியாக உடைத்தால் இன்னும் மிச்சமாகுமே என்று தோன்றலாம். பிராண்டு விலையில் அந்த யோசனைக்கு அர்த்தம் உண்டு. ஜெனரிக்கில் மிச்சமாவது சில டாலர்கள்தான், உடைப்பதோ சரிபாதியாக வராது. மைக்ரோகிராம் கணக்கில் போடும் மருந்துக்கு, அதுவும் இப்போதைய உங்கள் நிலைமையில், அது வேண்டாம்.

பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கு மாறலாமா என்ற பயம் இருக்கும். மாறலாம். அதன் பிறகு எந்தக் கம்பெனி மாத்திரை வருகிறதோ அதிலேயே நிற்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி உடம்பு உறிஞ்சும் அளவில் சிறு வித்தியாசம் வரலாம். பாட்டில் லேபிளில் கம்பெனி பெயர் இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். "ஒவ்வொரு தடவையும் இதே கம்பெனி கொடுங்கள்" என்று கேட்டால் பல பார்மசிஸ்டுகள் குறித்துக்கொள்வார்கள். தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியையே எடுத்தவர்கள் மட்டும் டாக்டரிடம் பேசாமல் மாறக் கூடாது. அவர்களுக்கு அளவு இன்னும் நுணுக்கமானது.

மாறிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். இந்தச் செலவில் கை வைக்காதீர்கள். செலவைக் குறைக்க வழி இருக்கிறது: முழு தைராய்டு பேனல் வேண்டாம், டிஎஸ்எச் ஒன்று போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள். க்வெஸ்ட், லேப்கார்ப் என்ற இரண்டு லேப் கம்பெனிகளும் டெக்சாஸில் ஆன்லைனிலேயே நேரடியாகப் பரிசோதனை விற்கின்றன. விலை முன்கூட்டியே தெரியும், பின்னால் பில் வந்து திடுக்கிட வேண்டியதில்லை. மூன்று வாரம் பாதி அளவில் இருந்திருக்கிறீர்கள், குழந்தைக்கும் முயற்சி செய்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முன்பே ஒரு தடவை பார்க்கச் சொன்னாலும் சொல்வார்.

காசு போடாமலே பலனைக் கூட்டவும் வழி உண்டு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. ஃபில்டர் காபி முக்கால் மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் சாப்பிடும் விட்டமின் மாத்திரையில் இரும்பும் கால்சியமும் இருக்கும். அதை இரவுக்குத் தள்ளுங்கள். இதைச் சரிசெய்யாமல் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு.

இன்சூரன்ஸ் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். கணவரின் பழைய கம்பெனியில் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பழைய இன்சூரன்ஸை கோப்ரா சட்டத்தின்படி தொடரலாமா என்று முடிவு செய்ய 60 நாள் தருகிறார்கள். பிரீமியம் அதிகம், இந்த மாத்திரைக்காக அதை எடுக்க வேண்டாம். ஆனால் அந்த 60 நாளுக்குள் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், அப்போது கையெழுத்துப் போட்டுப் பின்தேதியிட்ட பிரீமியத்தைக் கட்டினால் பழைய தேதியிலிருந்தே பாதுகாப்பு கிடைக்கும். ஐந்து வாரம்தான் ஆகியிருக்கிறது. கோப்ரா கடிதம் எந்த மேஜையில் கிடக்கிறது என்று இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

அப்புறம் அம்மா வாங்கிவரும் தைரோநார்ம். நம் ஊரில் விலை குறைவுதான். ஆனால் அமெரிக்காவில் அனுமதி பெறாத வெளிநாட்டு மருந்தைக் கொண்டுவருவது பொதுவாகச் சட்டப்படி கூடாது. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவைக் கண்டும் காணாமல் விடுவது அதிகாரிகளின் விருப்பம். அம்மாவை கஸ்டம்ஸ் வரிசையில் அந்தச் சங்கடத்தில் நிறுத்த வேண்டாம். அதோடு சின்த்ராய்டிலிருந்து தைரோநார்ம், இன்சூரன்ஸ் வந்ததும் மறுபடி சின்த்ராய்டு என்று மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை மாறுவது குழந்தைக்குக் காத்திருக்கும் உடம்புக்கு நல்லதல்ல. நம் மும்பை லூபின் கம்பெனியின் லெவோதைராக்சின், அமெரிக்க அனுமதியோடு அங்கேயே ஜெனரிக்காகக் கிடைக்கிறது. புது இன்சூரன்ஸ் வந்த பிறகும் ஜெனரிக்கிலேயே இருங்கள். அப்போதும் காசு கொடுத்து வாங்கும் விலையை ஒரு தடவை கேளுங்கள், சில சமயம் அது, இன்சூரன்ஸ் இருந்தும் நாம் கட்டும் பங்கான கோ-பேயைவிடக் குறைவாக இருக்கும்.