முதலில் மீன் சந்தை

கடிதம்:

அன்பின் அக்காவுக்கு,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். பாடசாலையில் மனையியல் படிப்பிக்கிறேன். போன வருடம் என் அக்கா கொழும்பில் எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் போல விடுகிற ‘ஸ்லீவ்’ முறை. எங்களுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பெண்களும் செய்திருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேரே இணைக்கிற முறை. மூவருக்கும் கிளினிக்கில் உணவுத் தாள் கொடுத்தார்கள். தாளில் குறையில்லை. ஆனால் கடைக்குப் போனால் கை பழைய சாமான்களைத்தான் எடுக்கிறது என்கிறார் அக்கா.

அமெரிக்காவில் என் மச்சாளுக்கும் இதே சிகிச்சை நடந்தது. அங்கே ஆஸ்பத்திரி டயட்டீஷியனே நோயாளிகளைச் சிறு குழுவாக சுப்பர் மார்க்கட்டுக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு இறாக்கையாக நிறுத்தி லேபல் வாசிக்கப் பழக்கினாராம். அதை நான் இங்கே செய்து பார்க்கலாமா? மச்சாள் அனுப்பிய பட்டியலில் கொட்டேஜ் சீஸ், கிரேக்க யோகட், வான்கோழி என்று இருக்கிறது. அதை வைத்துத் திருகோணமலையில் நான் என்ன செய்வது? இன்னொன்று, மூன்று பேரும் ஊருக்குத் தெரியாமல் செய்தவர்கள். கடையில் கூட்டமாய் நின்றால் சனம் கதைக்காதா?

பெயர் போட வேண்டாம்.
ஒரு வாசகி, உப்புவெளி

பதில்:

அன்பின் தங்கச்சிக்கு,

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மச்சாளுக்கு நடந்த மாதிரியே சுப்பர் மார்க்கட் வாசலில் தொடங்க வேண்டாம். அந்த மூன்று பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம்.

அங்கே பெரும்பாலும் சாப்பிடுகிறவரே வண்டியையும் தள்ளுகிறார். மீன், மரக்கறி, பால், மருந்து எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கிறது. நம் வீடுகளில் அப்படியா? மீனை விடியவே அத்தான் போய் வாங்கி வருகிறார். பலசரக்கு மாதத்துக்கு ஒருமுறை தெரிந்த கடையில் கொப்பிக் கணக்கில் வருகிறது. சமைப்பது மாமி. சிகிச்சை செய்தவர் கடைசியில் தட்டுக்கு முன்னால் வந்து உட்காரும்போது, தாளில் எழுதியிருந்தது ஒன்றும் அந்தத் தட்டில் இருக்காது. உங்கள் அக்காவின் கை பழைய சாமானை எடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தானின் கை எதை எடுக்கிறது என்று கேட்டீர்களா? பை யார் தூக்குகிறாரோ அவரும் வரவேண்டும், அடுப்படியில் நிற்கிறவரும் வரவேண்டும். மூன்று நோயாளியோடு எட்டொன்பது பேர் ஆகிவிடும், பரவாயில்லை. அவர்கள் வராவிட்டால் நீங்கள் காட்டுவதெல்லாம் இன்னொரு உணவுத் தாள்தான்.

தொடங்கவேண்டிய இடம் மீன் சந்தை. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், சிலருக்கு 80 வரை வேண்டும் என்பார்கள். கேட்கச் சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிறு கொள்ளுவது ஒரு வேளைக்கு அரைக் கோப்பை, அதற்கும் கொஞ்சம் கூட. இந்தக் கணக்கைச் சந்தையில் வைத்தே போட்டுக் காட்டுங்கள். மனையியல் அறையில் சிறிய தராசு இருக்குமே, அதைக் கொண்டு போங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 75 கிராம் மீனில் ஏறக்குறைய 15. இறுக்கமாய் வைத்த பருப்பில் இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு 4 கிராம். ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7. இரவுக்கும் அதே அளவு மீன் என்றால் இன்னொரு 15. கூட்டிப் பாருங்கள், இவ்வளவு சாப்பிட்டும் 50ஐத் தொடவில்லை. இதில் சோறு எங்கே வைக்கிறது? முதலில் மீன், அப்புறம் பருப்பு, மரக்கறி, இடம் இருந்தால்தான் சோறு என்று தாளில் ஏன் எழுதியிருக்கிறது என்பது அத்தானுக்கு அந்தத் தராசைப் பார்த்தால் விளங்கும். கணக்கு எட்டாதபோதுதான் சிலருக்குப் புரத மாவு கொடுக்கிறார்கள். அதை அவர்களுடைய கிளினிக்கே தீர்மானிக்கட்டும்.

மீன் விஷயத்தில் நமக்குக் கொட்டேஜ் சீஸ்காரர்கள் மேல் பொறாமைப்பட எதுவுமில்லை. திருக்கடலூர்க் கரையில் இறங்குகிற மீன் போதும். காய்ந்து, நார் நாராக வருகிறதுதான் இவர்களுக்கு அடைக்கும். கோழி நெஞ்சுக் கறி, முறுகப் பொரித்த சூரை, மாட்டிறைச்சி எல்லாம் அந்த வகை. ஈரமாய், உதிர்கிற மாதிரி இருப்பது இறங்கும். சொதியில் அவிந்த விளைமீன் நல்லது, பாலைத் தண்ணியாய் விட்டால். சுறா வறை இவர்களுக்கென்றே யாரோ கண்டுபிடித்த சாப்பாடு மாதிரி. தேங்காய்ப்பூவைக் குறைத்து, முள்ளை நன்றாய்ப் பார்த்து எடுத்தால் போதும். முழு வீடும் அதையே சாப்பிடலாம், தனிச் சமையல் வேண்டாம். தனிச் சமையல் என்று தொடங்கினால் இரண்டு கிழமைக்கு மேல் எந்த வீட்டிலும் ஓடுவதில்லை. கருவாட்டையும் நெத்தலியையும் பற்றிக் கேட்பார்கள். புரதம் நிறைய, உப்பும் நிறைய. ஊறவைத்துக் கழுவிக் கொஞ்சமாய், இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அதுவும் யோசித்து.

கிரேக்க யோகட் தேடி அலைய வேண்டாம். அதுவும் நீர் வடித்த தயிர்தான். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கி, வெள்ளைத் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடச் சொல்லுங்கள். நீர் இறங்கினால் கட்டியாகும், அதே கரண்டியில் புரதமும் கூடும். எருமைப்பாலில் கொழுப்புக் கூட என்பதால் அளவு பார்க்கவேண்டும். பாணி கூடவே கூடாது. தயிர் வாங்கினால் பாணிப் போத்தலும் சேர்ந்தே பைக்குள் போகிற ஊர் இது, அதனால்தான் இதையும் அத்தானிடமே சொல்லவேண்டும்.

பைபாஸ் செய்தவருக்குச் சீனி விஷயம் இன்னும் கண்டிப்பு. சீனி குடலுக்குள் வேகமாய் இறங்கினால் அரைமணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றோட்டம் வரலாம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சீனி இறங்கித் தலைசுற்றும். ‘டம்பிங்’ என்பார்கள். ஸ்லீவ் செய்தவருக்கும் வரலாம், ஆனால் குறைவு. மாமி அன்பாய்க் கலக்கிக் கொடுக்கிற மோல்ட் பானத்திலிருந்தே இது தொடங்கிவிடும். சுகம் விசாரிக்க வருகிறவர்களும் அந்த டின்னையும் கிறீம் பிஸ்கட்டையும்தான் கொண்டு வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. வாங்கி வைத்துவிட்டு வேறு வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோங்கள், எல்லோரும் அதைத்தானே செய்கிறோம்.

சுப்பர் மார்க்கட்டில் இரண்டு இடம் போதும். முதலாவது குளிர்பான இறாக்கை. 2016இல் இலங்கையில் பானங்களுக்கு நிறக்குறியீடு கொண்டுவந்தார்கள். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேலே போனால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடையில் மஞ்சள் என்று வைத்தார்கள். பிள்ளைகளுக்கும் விளங்குகிற முறை. ஆனால் அந்தக் குறி சீனியை மட்டுமே சொல்கிறது. சீனி இல்லாத சோடாவுக்குப் பச்சை கிடைக்கும், வாயு போத்தலுக்குள்ளேயே இருக்கும், சுருங்கின வயிற்றில் அது ஊதி வலிக்கும். இதை ஒரு போத்தலைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னால் மறக்கமாட்டார்கள். இரண்டாவது, பிஸ்கட்டும் மோல்ட் மாவும் இருக்கிற இடம். பக்கெட்டின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பப் பழக்குங்கள். உள்ளடக்கம் எடை கூடினதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக இருக்கும். முதல் மூன்றுக்குள் சீனியோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். இரண்டு பக்கெட்டை ஒப்பிடுவதென்றால் 100 கிராம் கணக்கைப் பார்க்கவேண்டும். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். டின் மீனும் சோயா மீட்டும் அங்கேயே இருக்கும். சோயா மீட் பக்கெட்டுக்குள் வருகிற சுவைத் தூளை எறியச் சொல்லுங்கள், மிச்சம் நல்ல சாமான்தான், நன்றாய் ஊறவைத்துக் கொத்தினால்.

மச்சாளின் பட்டியலில் இல்லாத ஓரிடம் பார்மசி. அங்கேயும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். விற்றமின் பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி எல்லாம் இவர்களுக்கு வாழ்நாள் முழுக்க. எடை குறைந்து உடம்பு நன்றாயிருக்கிறது என்றதும் பலர் நிறுத்துவது இதைத்தான். கல்சியத்தில் சிற்றேற், காபனேற் என்று இரண்டு உண்டு. சிற்றேற் உறிஞ்சப்பட வயிற்றில் அமிலம் அவ்வளவு வேண்டாம் என்பதால் அதையே விரும்பிக் கொடுக்கிறார்கள். கல்சியத்தையும் இரும்பையும் ஒன்றாய் விழுங்கக்கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிற பழக்கமும் நம்மிடம் உண்டு, அதையும் விடவேண்டும்.

சனம் கதைக்கும்தான். அதற்காகச் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சைக் கடைக்குள் எடுக்கவே வேண்டாம். அதை முதல் நாள் உங்கள் வீட்டு விறாந்தையில் பேசி முடியுங்கள். கடைக்குள் நீங்கள் ஒரு மனையியல் ரீச்சர், லேபல் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். நீரிழிவு உள்ள அயலவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் பயன். கடை மனேஜரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, சனம் குறைந்த வேலைநாள் காலையாகப் பாருங்கள்.

உங்கள் அக்காவைத் தவிர மற்ற இரண்டு பேரும் எப்போது சிகிச்சை செய்தார்கள் என்று எழுதவில்லை. இன்னும் நீராகாரத்திலும் அரைத்த சாப்பாட்டிலும் இருக்கிறவரைக் கூட்டிப்போக வேண்டாம். வழமைச் சாப்பாட்டுக்கு வர ஆறு, எட்டு வாரமாவது ஆகும். அதுவரை கடையைக் காட்டுவது வதை. நான் சொன்னதற்கும் அவர்களுடைய கிளினிக் தாளுக்கும் எங்கே முரண்பட்டாலும் தாளே சரி.

இன்னொன்று வெயில். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான் குடிக்கவேண்டும் என்பதால் இவர்கள் நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடித்துத்தான் சமாளிக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு பலரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது உடம்பில் நீர் வற்றுவதுதான். மே முதல் செப்டம்பர் வரை நம் ஊர் வெயில் தெரியுமே. எட்டு மணிக்கு முன் மீன் சந்தையை முடியுங்கள், ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். யாராவது இரண்டு மூன்று நாளாய் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி என்று சொன்னால் சந்தைக்குப் போக வேண்டாம், அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்புங்கள். வாந்தி நீடித்தால் தயமின் என்கிற விற்றமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும்.