சங்கு ஒலித்தபோதும் அவர்கள் சிரித்தார்கள்

கேள்வி: அக்கா, பிப்ரவரி 15 மாலை 6.20க்கு, சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்ததை நினைவுபடுத்தும் முழுமைத் தற்காப்பு தினச் சங்கு ஒலித்தது. என் கணவரின் தாத்தா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர். அதனால் நாங்கள் வீட்டில் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் கதவைத் திறந்துபோட்டு, சீனப் புத்தாண்டுக்கான யூஷெங் என்ற மீன் சாலட்டைக் கிளறிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. சங்குக்கு நிறுத்தவே இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை. போய்ச் சொல்லட்டுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம் தங்கச்சி. என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் அந்த ரயிலுக்குப் போனவர்தான். உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. நீங்கள் நிற்பதைப் பார்த்துக் கேலி செய்திருந்தால் நானே உங்களோடு வந்து கேட்டிருப்பேன். அவர்கள் உங்களைக் கவனிக்கவே இல்லை.

1942 பிப்ரவரி 15, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ்காரர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்த ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டின் முதல் நாள். அடுத்த சில நாள்களில் ஜப்பானியர்கள் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, பலரை லாரியில் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். பல சீன வீடுகளில் அந்தத் துக்கம் புத்தாண்டோடு சேர்ந்தேதான் வரும்.

தோ பாயோவில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. புத்தாண்டுக் காலையில் காலி நாற்காலி முன்னால் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கோப்பைத் தேநீர், சாப்ஸ்டிக் குச்சிகள் வைப்பார். சாமிக்குத்தான் என்று பல வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். மலாயில், "அபாங் சாயா", என் அண்ணன், என்றார். விசாரணைக்குக் கூப்பிட்டார்களாம், போனவர் வரவில்லையாம். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பேரப்பிள்ளைகளுக்கு அங்பாவ் (புத்தாண்டுப் பண உறை) கொடுத்தார். அன்றைக்கு அந்த வீட்டிலேயே அவர் சிரிப்புதான் பெரிது.

அவ்வளவு ஏன், எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். தாத்தா இறந்த தேதி தெரியாது, அதனால் தை அமாவாசையில்தான் படையல். சின்னம்மா மரவள்ளிக்கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூ தூவி இலையில் வைப்பார். தன் அப்பா ரயிலுக்குக் கிளம்பிய காலையில் சாப்பிட்டது அதுதானாம். அம்மாவுக்கோ அந்த வாசனையே ஆகாது. ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வேளையும் அதையே தின்றவர், சாகும்வரை கிழங்கை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. இதற்காகவே அக்காவும் தங்கையும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள். பெரியப்பா இன்னொரு தினுசு. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்; 1943இல் பாடாங்கில் நேதாஜி பேச்சைக் கேட்டவர். அந்த வருடங்களைப் பற்றிப் பேசினால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரே குடும்பம், ஒரே போர். இதில் யார் நினைப்பது சரி என்று நான் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் எழுந்து நின்றது நல்ல காரியம், அடுத்த வருடமும் நில்லுங்கள். அன்று காலையில் பீச் ரோட்டில் நான்கு தூண்கள் உள்ள நினைவுச்சின்னத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். 1967இல் திறந்தது. அதன் அடியில் பெயர் தெரியாத பொதுமக்களின் எலும்புகள் இருக்கின்றன. நான்கு தூண்களில் ஒன்று இந்தியர்களுக்கு.

அப்புறம், உங்கள் மாமனாரோ மாமியாரோ இருக்கிறார்களா? தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து போனார், கூட யார் போனார்கள், என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்று கேட்டு இந்த வாரமே எழுதி வையுங்கள். என் அம்மாவிடம் நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.