கயிறு காப்பாற்றவில்லை, தம்பி

அன்புள்ள ஐயா,

சுங்கை பட்டாணிப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் உதிரிப் பழம் பொறுக்கும்போது காப்பாக் போடோ பாம்பு கையில் கொத்திவிட்டது. மச்சான் உடனே நைலான் கயிற்றால் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டியதால் பிழைத்தேன். மருத்துவமனைக்குப் போவதற்குள் ஈறில் இரத்தம். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அம்மா காவடி நேர்ந்திருக்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. சாமி என்னை எதற்காக விட்டுவைத்தது? இனி எப்படி வாழ்வது?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எதற்காக என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மா நேர்ந்த காவடியை எடுங்கள், அவர் மனசு ஆறட்டும். தூக்கம் வராததை மருத்துவரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

என்னை உலுக்கியது அந்தக் கயிறுதான்.

1974இல் எனக்குப் பதினொரு வயது. விடியுமுன் அம்மாவோடு ரப்பர் பால் வடியும் மங்குக் கிண்ணம் துடைக்கப் போயிருந்தேன். காய்ந்த இலைக்குள் சுருண்டு கிடந்ததை அம்மா மிதித்துவிட்டாள். ஆள் பக்கத்தில் வந்தாலும் அந்தப் பாம்பு லேசில் நகராது. மலாய்க்காரர்கள் அதை 'போடோ', மடப்பாம்பு, என்பது அதனால்தான். கடித்த பிறகும் அது அங்கேயே கிடந்தது. சைக்கிளில் பால்வாளி கட்டும் டியூபை அவிழ்த்து, அம்மாவின் கணுக்காலுக்கு மேல் என் பலம் முழுவதையும் போட்டு இறுக்கினேன். லாரி வர இரண்டு மணி நேரம். பாதம் கறுத்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

'ஆத்தாளக் காப்பாத்துன புள்ள' என்று லயத்துச் சனமே சொன்னது. இருபது வருஷம் அந்தப் பெருமையில் திரிந்தேன், ஒரு மருத்துவர் உட்காரவைத்து விளக்கும்வரை. இந்த விஷம் கடித்த இடத்துச் சதையைத் தின்னும். இறுக்கிக் கட்டினால் அது அங்கேயே தேங்கும், இரத்த ஓட்டமும் நிற்கும். பிறகு அந்தச் சதை எப்படிப் பிழைக்கும்?

இது உடம்புக்குள் ஏறினால் இரத்தம் உறையாது. கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீராய் ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். உங்களுக்கு ஈறில் இரத்தம் வந்ததே, அப்போது கயிறு எங்கே இருந்தது? கையில்தானே? அதையும் தாண்டி விஷம் போய்விட்டது! இதை உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் கயிறு காப்பாற்றியது என்கிறீர்கள். கைப்பேசி வைத்திருக்கிற தலைமுறை நீங்கள். என் அம்மா காலத்துப் பேச்சையே இன்னும் பேசினால் எனக்குக் கோபம் வராதா?

கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். கடிபட்ட கையோ காலோ அசையாதபடி குச்சி வைத்துத் தளர்வாகச் சுற்றுங்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். நாளைக் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். வங்காளதேசத்துத் தோழர்களுக்கும்தான்.

மச்சானைத் திட்டிவிடாதீர்கள். அம்மாவிடம் நான் உண்மையைச் சொன்னபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நீ கட்டுனப்பதான்டா எனக்குப் பயம் போச்சு" என்றாள். அந்தக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தம்பி, கயிற்றின் நிறம் தவிர எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்து மண்சாலையில் உங்களை ஏற்றி வண்டி ஓட்டிக்கொண்டு போனவர் யார்? கடிதத்தில் அவர் இல்லையே.