அவர் தோற்ற ராத்திரி எனக்கு நிம்மதியாக இருந்தது

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். எம்.எஸ். படிக்க அரிசோனா வந்தேன். சாண்ட்லரில் வேலை கிடைத்தது, கல்யாணமும் இங்கேயே முடிந்தது. வயது 34, நான்கு வயதில் ஒரு மகன். என் கணவர் அமெரிக்கர், தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர். நான் எழுதப்போவதை இங்கே யாரிடமும் இங்கிலீஷில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

பேஸ்பால் என்றதும் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார் என்று ஊரில் நினைக்கிறார்கள். அவர் ரிலீஃப் பிட்சர், அதாவது பாதியில் வந்து பந்து எறிபவர். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் களைத்த பிறகு, ஏழாவது எட்டாவது இன்னிங்ஸில், பேஸில் ஏற்கெனவே எதிரணியின் இரண்டு பேர் ஓட்டம் எடுக்கக் காத்து நிற்கும்போது உள்ளே வந்து பதினைந்து இருபது பந்து போட்டுவிட்டுப் போகிறவர். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி. மைதான ஓரத்தில் புல்பென் என்று ஓர் இடம் உண்டு. அங்கே போன் அடித்தால் எழுந்து கையைச் சூடாக்க வேண்டும். பாதியில் "வேண்டாம், உட்கார்" என்பார்கள். மறுபடி போன், மறுபடி சூடாக்கல். ஆட்டத்தில் ஒரு பந்துகூடப் போடாத நாளிலும் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

2014-ல் கல்லூரி முடித்தவரை, அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 19-வது சுற்றில் எடுத்தார்கள். 2018-ல் முழங்கை ஜவ்வு கிழிந்து டாமி ஜான் ஆபரேஷன். மணிக்கட்டிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து முழங்கையில் கட்டுகிறார்கள். அதனால் இரண்டு இடத்திலும் தழும்பு. அந்தச் சமயத்தில்தான் எனக்கு அறிமுகமானார். 2020-ல் கொரோனாவால், மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கின் சீசனே நடக்கவில்லை. கிடங்கில் பெட்டி தூக்கினார். 2022 ஜூலையில், முப்பது வயதில், முதல் முறையாக மேஜர் லீக்குக்குக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டு அவர் அழுததை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் நாங்கள் வாழ்ந்தது காலண்டரை வைத்துத்தான். ஒரே சீசனில் ஐந்து தடவை வரை மேலே கூப்பிடலாம், கீழே அனுப்பலாம். இதை ஆப்ஷன் என்பார்கள். மேலே இருக்கும் ஒவ்வொரு நாளும் கணக்கு, ஏனென்றால் 43 நாள் சேர்ந்தால்தான் மேஜர் லீக் ஓய்வூதியத்துக்குத் தகுதி. ஃப்ரிட்ஜில் மாட்டிய காலண்டரில் நாள் நாளாகச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். 2022-ல் 31 வட்டம். மிச்சம் பன்னிரண்டுக்கு அடுத்த ஆகஸ்ட் வரை காத்திருந்தோம். 43-வது வட்டத்தைப் போட்ட அன்று மகனுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

2024-ல் அவரை அப்படி மேலும் கீழும் அனுப்பும் ஆப்ஷன் தீர்ந்துவிட்டது. இனி கீழே அனுப்ப வேண்டுமென்றால் டி.எஃப்.ஏ. பண்ண வேண்டும். அதாவது பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, ஏழு நாளைக்குள் வேறு அணிக்குக் கொடுப்பார்கள், அல்லது விடுவிப்பார்கள், அல்லது யாரும் கேட்காவிட்டால் மைனருக்கு அனுப்புவார்கள். அந்த ஏழு நாளும் எந்த ஊரில் வீடு பார்ப்பது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இப்படி மூன்று தடவை ஆயிற்று. அலமாரியில் ஏழு அணியின் தொப்பிகள் அடுக்கியிருக்கின்றன. மகன் காலையில் எழுந்ததும், "இன்னிக்கு அப்பா எந்த டீம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒன்றை எடுப்பான்.

இனிமேல்தான் சொல்ல வந்த விஷயம். போன செப்டம்பரில் அணிப் பட்டியல் 26-லிருந்து 28 பேராகும்போது அவரை மறுபடி மேலே எடுத்தார்கள். நான்காம் நாள், எட்டாவது இன்னிங்ஸ், பேஸில் இரண்டு பேர். மூன்றாவது பந்து ஹோம் ரன். நான் வீட்டில் டிவி முன்னால் மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்து வேலியைத் தாண்டியதும் எனக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. அழுகை இல்லை. 'அப்பாடா' என்று வந்தது. 'இதோடு முடிந்தது, இனி வீட்டுக்கு வந்துவிடுவார்' என்று வந்தது. மறுநாள் அவரைத் தூக்கிவிட்டார்கள்.

முடியவில்லை. இந்த வருடமும் மைனர் ஒப்பந்தத்தில் ஸ்பிரிங் ட்ரெய்னிங் என்ற சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமுக்குப் போனார். மார்ச் கடைசியில் விடுவித்துவிட்டார்கள். இப்போது பென்சில்வேனியாவில் எந்த மேஜர் அணியையும் சாராத லீக் ஒன்றில் கூப்பிடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் தொடக்கம். இங்கே பக்கத்தில் ஒரு கல்லூரியில் பிட்சிங் பயிற்சியாளர் வேலையும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்லாமல் ராத்திரி இரண்டு மணிக்குக் கராஜில் வலையைக் கட்டி எறிந்துகொண்டிருக்கிறார். தொப், தொப் என்று சத்தம் படுக்கையறை வரை கேட்கிறது. கேட்டால், "ஜெஸ்ஸி சாவேஸ் 41 வயது வரை போட்டார்" என்கிறார். அவ்வளவுதான் பேச்சு.

மதுரைக்குப் போன் பண்ணினால் அப்பா, "மாப்பிள்ளை வேலை எப்படிம்மா போகுது?" என்கிறார். "நல்லா போகுதுப்பா" என்கிறேன். அம்மா ஜூனில் வருகிறார். விடுவித்த கதை அவர்களுக்குத் தெரியாது.

நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டா? சொன்னால் காலம் முழுக்க என்னைக் குற்றம் சொல்வாரா? கட்டிய கணவன் தோற்றதற்கு நிம்மதிப்பட்ட நான் எப்படிப்பட்டவள்?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அரிசோனா.

---

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

அந்த 'அப்பாடா' அவர் தோற்றதற்கு வந்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள்கணக்கில் காத்திருப்பவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். வரும் செய்தி கெட்டதாகவே இருந்தாலும், வந்துவிட்டது என்றதும் உடம்பு தளர்ந்துவிடும். நீங்கள் மூன்று வருடத்துக்கு மேல் வராந்தாவிலேயே நிற்கிறீர்கள். அன்றைக்கு டிவி முன்னால் தளர்ந்தது உங்கள் உடம்பு. அவர்மேல் அன்பில்லாதவள் 43 நாளையும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்க மாட்டாள்.

ஆனால் அந்த மூச்சில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'வீட்டுக்கு வாருங்கள்' என்று நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டியதை, யாரோ ஒரு மட்டையாளர் உங்களுக்காகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தீர்கள். அவர் சொன்னது போதவில்லை. அடுத்த மட்டையாளரும் சொல்ல மாட்டார். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். நிச்சயம் உண்டு. ஆனால் எதைச் சொல்லும் உரிமை என்பதில் எனக்குக் கருத்து இருக்கிறது.

"நிறுத்திவிடுங்கள்" என்பது அவர் கையைப் பற்றிய தீர்ப்பு. பன்னிரண்டு வருடமாக அவருக்குத் தீர்ப்பு சொல்லவே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கோச், மேனேஜர், ஸ்கவுட், வேகம் அளக்கும் கருவி, கடைசியில் ஒரு போன். அந்த வரிசையில் மனைவியும் போய் நின்றால் அவர் கராஜுக்குத்தான் போவார். "எனக்கு முடியவில்லை" என்பது வேறு. அது உங்களைப் பற்றிய உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது. "ஏழு நாள் எந்த ஊர் என்று தெரியாமல் இன்னொரு தடவை என்னால் இருக்க முடியாது. அப்பா அம்மாவிடம் பொய் சொல்ல முடியவில்லை. ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது." இவ்வளவு போதும். அந்த 'அப்பாடா'வையும் சொல்லுங்கள் என்று உடனே சொல்ல எனக்குத் தயக்கம். இந்தப் பேச்சு நடந்து, அவரும் தன் பயத்தை உங்களிடம் திறந்த பிறகு, ஒருநாள் சொல்லலாம். முதல் நாளே வேண்டாம்.

அவரால் ஏன் விட முடியவில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கொத்தும் ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் எப்போதாவது கிடைத்த புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். உங்கள் கணவரின் தொழில் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அடுத்த போன் நாளைக்கே வரலாம், வராமலும் போகலாம். பணமும் அதே கதைதான். 2023-ல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்து, மைனர் லீக்கின் உச்சமான ட்ரிபிள்-ஏ மட்டத்தில் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. அதே வருடம் மேஜர் லீக்கில் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் இவ்வளவு பள்ளம் இருந்தால் யாருக்குத்தான் கால் நகரும்? இது பிடிவாதமோ, குடும்பத்தின் மேல் அக்கறையில்லாததோ அல்ல. அவர் முன்னால் அதைப் பிடிவாதம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஜெஸ்ஸி சாவேஸ் பற்றி. 2002-ல் 42-வது சுற்றில் எடுக்கப்பட்டவர், பத்துத் தடவையாவது அணி விட்டு அணி கைமாற்றப்பட்டவர், 2021-ல் அட்லாண்டா அணியோடு உலகத் தொடர் வென்றவர். அவர் கதை உண்மை. அவரைப் போலவே முயன்று 33 வயதில் வீட்டுக்குப் போனவர்கள் பெயர் மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. உங்கள் கணவரிடம் இதை வாதமாக வைக்காதீர்கள், அவருக்கே தெரியும். அதற்குப் பதில் டானியல் பார்டைப் பற்றி அவரிடம் கேளுங்கள். பாஸ்டன் அணியின் ரிலீஃப் பிட்சர். 2012-ல் பந்து அவர் சொன்ன இடத்துக்குப் போவது நின்றது. 2013-க்குப் பிறகு மேஜர் லீக்கில் இல்லை. வருடக்கணக்கில் போராடி 2017-ல் நிறுத்திவிட்டார். நீங்கள் இருக்கும் அரிசோனாவின் அணியிலேயே இளம் ஆட்டக்காரர்களுக்கு வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பிள்ளைகளோடு சும்மா எறிந்து பிடித்து விளையாடியபோது பந்து மறுபடி பழகியது. 2020-ல் கொலராடோ அணிக்குத் திரும்பினார், 2022-ல் 34 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். 2023 தொடக்கத்தில், பதற்றத்துக்காக ஓய்வு எடுக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி விலகியிருந்து, பிறகு வந்து ஆடினார். திரும்பி வந்த பகுதியை நம்பி இருங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நிறுத்திவிட்டு இன்னொரு வேலையில் நின்ற அந்த இரண்டு வருடத்தில் அவர் சின்ன மனிதராகிவிடவில்லை. 'பயிற்சியாளர்' என்ற சொல் உங்கள் கணவர் காதில் தண்டனை மாதிரி கேட்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். கேட்டுப் பாருங்கள்.

எப்போது பேசுவது? ராத்திரி இரண்டு மணிக்குக் கராஜ் வாசலில் நின்று வேண்டாம். காலையில், மகன் பள்ளிக்குப் போன பிறகு, நடந்துகொண்டே பேசுங்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். பென்சில்வேனியா போவதென்றால் போகட்டும், ஆனால் போவதற்கு முன்பே இரண்டு பேரும் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிவரை நீங்கள் கேட்க மாட்டீர்கள், அந்தத் தேதிக்கு மேல் அவர் தள்ள மாட்டார். நன்றாகப் போட்ட மறுநாளும் முடிவெடுக்கக் கூடாது, அடி வாங்கிய மறுநாளும் கூடாது. அந்த மாதங்களில் மகனை யார் பார்ப்பது, எவ்வளவு செலவு என்பதைக் காகிதத்தில் எழுதுங்கள். கல்லூரி வேலையை இலையுதிர் காலம் வரை நிறுத்தி வைக்க முடியுமா என்று அவரே ஒரு போன் போட்டுக் கேட்கட்டும்.

கராஜ் விஷயம் எனக்குக் கவலை தருகிறது. ராத்திரி தூக்கமில்லை, பேச்சு குறைந்துவிட்டது என்கிறீர்கள். சாப்பாடு குறைகிறதா, மகனோடு விளையாடுவதை விட்டுவிட்டாரா, குடி கூடுகிறதா என்று பாருங்கள். ஆட்டக்காரர்களோடு பழக்கமுள்ள உளவியலாளர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். அரிசோனாவில் பாதி அணிகளின் முகாம் இருக்கிறது. கையைக் காட்ட டாக்டரிடம் போனவர் மனதைக் காட்டப் போவதில் தயங்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அதைக் கோபத்தில் சொன்னதாக விட்டுவிடாதீர்கள். அங்கே 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், அவருக்காக நீங்களே அழைக்கலாம். உங்களுக்கும் தனியாக ஒருவர் வேண்டும். ஒரு கடிதத்தால் மட்டும் இது இறங்காது.

மதுரை விஷயத்துக்கு வருகிறேன். அம்மா வருவதற்கு முன் சொல்லிவிடுங்கள். முதலில் அம்மாவிடம், பிறகு அப்பாவிடம். "அவருக்கு இப்போ வேலை இல்லம்மா, அடுத்தது என்னன்னு யோசிச்சிட்டு இருக்கோம்" என்று ஒரே வரியில் சொல்லலாம். மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அவர் கதை அது. ஜூனில் அம்மா வந்து இறங்கும்போது, காலையில் பேரன் எந்தத் தொப்பியை எடுப்பது என்று கேட்பான். என்ன பதில் சொல்வது என்று பாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்