பழைய இறப்புப் பதிவு தேடுறவங்களுக்கு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

தாலுகா ஆபீஸ் ரெக்கார்ட் ரூம்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன் நான். குடும்ப வரலாறு எழுதுற பிள்ளைங்க நிறைய பேரு இறப்புப் பதிவுல வந்து முட்டி நிக்கிறீங்க, அதான் இது.

கேள்வி: சார், கொள்ளுத்தாத்தா 1950கள்ல தவறிட்டாரு. சொந்த ஊர் லால்குடி பக்கம். அங்க தேடினா பதிவே இல்ல.

கடைசி நாள்ல எங்க இருந்தாரு? மூச்சு நின்ன எடத்துலதான் பதிவு, சொந்த ஊர்ல இல்ல. மக வீட்டுக்குப் போயிருந்தாரா, திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்களா, மொதல்ல வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க.

கேள்வி: எங்க ஊர் வி.ஏ.ஓ. பழசெல்லாம் என்கிட்ட இல்லங்கறாரு ஐயா. தட்டிக்கழிக்கிறாரா?

இல்லம்மா, நெசமாத்தான் சொல்றாரு. 1980ல பரம்பரை கிராம அதிகாரி வேலைய ஒழிக்கிற வரைக்கும் மணியக்காரர், கர்ணம் காலம், அவங்க எழுதின பழைய புத்தகம் ஊர்லயே தங்கறதில்ல. தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் ரெண்டுலயும் கேளுங்க. தேடுறதுக்கு வருஷக் கணக்குல கட்டணம் உண்டு, அதனால வருஷத்த எவ்வளவு நெருக்கிப் புடிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது. இன்னொன்னு, இல்லன்னு வாயால சொன்னத கேட்டுட்டு திரும்பி வந்துடாதீங்க, படிவம் 10ன்னு ஒண்ணு இருக்கு, பதிவு இல்லங்கறதுக்கான சான்று, அத எழுத்துல வாங்குங்க.

கேள்வி: வருஷம்தான் சார் பிரச்சனையே. பூட்டன் "தாது வருஷம் மாசி மாசம்" போனாருன்னு மட்டும் பாட்டி சொல்லும்.

இந்த மாதிரி கேள்விக்காகத்தான் உக்காந்திருக்கேன் தம்பி. தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும். தாது 1876லயும் வந்துச்சு, 1936லயும் வந்துச்சு. 1876ன்னா அது தாது வருஷப் பஞ்சம், அந்தப் பேச்சு குடும்பத்துல இருக்கும், கஞ்சித்தொட்டி, ஊரு காலியானது இப்படி ஏதாவது. பூட்டனோட கடைசிப் பிள்ளை எப்ப பொறந்துச்சுன்னு பாருங்க, எந்தத் தாதுன்னு வெளங்கிடும். அடுத்தது, நிறைய பேரு சறுக்குற எடம். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவுல பொறக்குது. அப்ப தாது மாசின்னா 1936 இல்ல, 1937 பிப்ரவரி நடுவுலேர்ந்து மார்ச் நடு வரைக்கும். தை, மாசி, பங்குனி மூணும் அடுத்த இங்கிலீஷ் வருஷத்துல விழும். 1936 புத்தகத்த மட்டும் பொரட்டிட்டு இல்லன்னு வந்தவங்கள நான் பார்த்திருக்கேன்.

கேள்வி: நாங்க தேவசம் குடுக்குற திதிக்கு பஞ்சாங்கம் பார்த்தா 8ந்தேதி வருது, பதிவுல 9. பதிவு தப்புதானே?

(இடையில ஒருத்தர்: அதெப்படி, சர்க்கார் ரெக்கார்டுதான் செல்லும், திதியெல்லாம் வாய்க்கணக்கு.)

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. விடியக்காலம் மூணு மணிக்கு உயிர் போச்சுன்னு வைங்க. நம்ம வீட்ல சூரியன் உதிச்சாதான் மறுநாள், அதனால அது முந்தின நாள் ராத்திரி சாவு. ரெக்கார்டுல நடுராத்திரியோட தேதி மாறிடும். ரெண்டும் சரி, ஒரு நாள் வித்தியாசம்.

(அதே ஆள்: ஒரு நாள்னா சரி சார், எங்களுக்குப் பதினோரு நாள் இடிக்குதே. அப்பவும் ரெக்கார்ட நம்பாம திதிய நம்பறதா?)

ஆமா, அப்ப திதியத்தான் நம்புவேன், கோவிச்சுக்காதீங்க. செத்த தேதி வேற, பதிஞ்ச தேதி வேற, எந்தக் கட்டத்தப் படிச்சீங்கன்னு மொதல்ல பாருங்க. இன்னொன்னும் இருக்கு. ஒரு புத்தகத்துல ஒரு பக்கம் பூரா ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு, ஏழெட்டு சாவு, தேதி மட்டும் வேற வேற. அப்படின்னா ஒரே உக்காரல்ல ஞாபகத்துலேர்ந்து எழுதினது. வருஷா வருஷம் எள்ளும் தண்ணியும் எறச்ச வீட்டோட ஞாபகம் அதவிட உறுதி. கோர்ட்டுக்கு எது செல்லும்ங்கறது வேற பேச்சு, நாம தேடுறது அவரு போன நாள.

கேள்வி: சான்றுல என்ன நோய்னு போடலயே, மறைக்கிறாங்களா?

யாரும் மறைக்கல. 1969 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 17வது பிரிவு, சான்றுல சாவுக்கான காரணத்த வெளியிடக்கூடாது.

கேள்வி: நாகர்கோவில் பக்கம், 1940கள்.

1949 வரைக்கும் அது திருவிதாங்கூரோட சேர்ந்தது, அப்புறம் 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட. மலையாளம் படிக்கத் தெரிஞ்ச ஆளயும் கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: பாண்டிச்சேரி?

கொடுத்து வச்சவங்க நீங்க. பிரெஞ்சுக்காரன் எழுதின பழைய பதிவுகள பிரான்ஸ் கடல்கடந்த ஆவணக் காப்பகம் ஸ்கேன் பண்ணி இணையத்துல இலவசமா வச்சிருக்கு.

கேள்வி: வாரிசு சான்று வாங்க என்ன செய்யணும்?

அது தாசில்தார் ஆபீஸ் சங்கதி, இங்க வேணாம்.

கேள்வி: தாத்தா சென்னை ஆஸ்பத்திரில இறந்தாரு, சொந்த ஊர் தாலுகால பதிவு இல்லயே?

மேல படிங்க தம்பி. இறந்த எடம். மாநகராட்சில தேடுங்க.

கேள்வி: அப்பாவப் பெத்த பாட்டி பேரே யாருக்கும் தெரியல. பதிவுல கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனா மனச திடப்படுத்திக்கங்க. எங்க அப்பத்தா பதிவ நானே எடுத்தேன். ஓரமெல்லாம் உதிர்ந்து, தொட்டா விரல்ல பொடி ஒட்டுற தாளு. தாத்தா பேரு, அதுக்குப் பக்கத்துல "மனைவி", வயசு 32, பிரசவம். அவ்வளவுதான், அவங்க பேருக்கு எடமே இல்ல. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு. அதனால தாத்தா பேர வச்சுத் தேடச் சொல்லுங்க, உங்க பாட்டி அவரு பேருக்குக் கீழதான் இருப்பாங்க. பேருக்கு வேற காகிதம் பாருங்க. சார்பதிவாளர் ஆபீஸ்ல அவங்க பொறந்த வீட்டுப் பழைய பத்திரம் ஏதாவது இருக்கான்னு தேடுங்க. எனக்கு அங்கதான் கிடைச்சுது, கொள்ளுத்தாத்தா எழுதிவச்ச அரை ஏக்கர் புஞ்சைப் பத்திரத்துல, "என் குமாரத்தி அங்கம்மாள்"னு.