வரி போனாலும் எல்லை போகாது: சுங்க ஒன்றியம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சுங்க ஒன்றியமும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டிலும் உறுப்பு நாடுகளுக்குள் வரி குறையும் அல்லது இருக்காது. ஒன்றியத்தில் வெளிச்சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி வைப்பார்கள். ஒப்பந்தத்தில் அவரவர் வரி அவரவருக்கு, அதனால் ‘இது எங்கே செய்தது?’ என்று எல்லையில் கேட்டாக வேண்டும். சீனாவில் தைத்த பருத்திச் சட்டை 12% வரி கட்டி பிரிட்டனுக்குள் வருகிறது. அதையே அயர்லாந்துக் கடைக்கு விற்றால் இன்னொரு 12%. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க ஏற்பாட்டுக்குள் இருந்தபோது, 2020 முடியும்வரை, ஒரு தடவை கட்டினால் போதும். சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் மூலச் சான்றிதழைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

கேள்வி: கன்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது, என்ன செய்வது?

பில்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது. உங்கள் கிளியரிங் ஏஜென்டைக் கேளுங்கள்.

கேள்வி: ஷெங்கனில் சேர்ந்தால் சரக்குச் சோதனை போய்விடுமா?

போகாது. ஷெங்கன் என்பது ஐரோப்பிய நாடுகளுக்குள் எல்லையில் பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் போய்வரும் ஏற்பாடு, அது ஆட்களுக்கு, சரக்குக்கு அல்ல. சுவிட்சர்லாந்து அதில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை.

கேள்வி: துருக்கி 1995 முடிவிலிருந்தே ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. பல்கேரியாவை ஒட்டிய கபிகுலே எல்லையில் லாரிகள் ஏன் காத்துக் கிடக்கின்றன?

வரிதான் போனது, காகிதம் போகவில்லை. வாஷிங் மெஷின் ஏற்றிய லாரிக்கு ஏ.டி.ஆர். (A.TR) சான்றிதழ் (இந்தச் சரக்குக்கு ஒன்றியத்துக்குள் வரி இல்லை என்று காட்டும் தாள்), சுங்க அறிக்கை, வழியிலுள்ள நாடுகளின் பெர்மிட், ஓட்டுநருக்கு விசா எல்லாம் வேண்டும். தக்காளி ஏற்றினால் கதையே வேறு, விவசாய விளைபொருள் இந்த ஒன்றியத்துக்குள் வராது.

கேள்வி: நார்வே சுங்க ஒன்றியத்திலேயே இல்லை. ஸ்வீடன் எல்லையில் லாரிகள் சீக்கிரம் கடக்கின்றன. அப்படியானால் ஒன்றியம் எதற்கு?

மூன்று பேர் இதையே கேட்டுவிட்டீர்கள், விரிவாகவே சொல்கிறேன். அங்கேயும் சுங்க அறிக்கை உண்டு. ஆனால் 1959 உடன்படிக்கைப்படி ஒரு நாட்டு அதிகாரியே மற்ற நாட்டு வேலையையும் முடித்துவிடுவார், லாரி ஒரே இடத்தில் நின்றால் போதும். தொழிற்பொருள்களின் தர விதிகளும் பெரும்பாலும் ஒன்றே.

“துருக்கியும் அப்படிச் செய்யலாமே, ஒன்றியம் வீண்தான்” என்று ஒருவர் விடாமல் வாதிடுகிறார். பாதி சரி. சேர்ந்து சோதிப்பதற்கு ஒன்றியம் தேவையில்லை. ஆனால் நார்வே சரக்குக்கு மூலச் சான்று வேண்டும், ஒன்றியத்துக்குள் வரும் துருக்கித் தொழிற்பொருளுக்கு அது பொதுவாக வேண்டாம். பல நாட்டு உதிரிபாகங்களைப் பூட்டிக் கார் செய்கிறவருக்கு இது பெரிய விஷயம். அதற்கு துருக்கி கொடுக்கும் விலையும் பெரியது: பிரஸ்ஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியத் தலைமை, போடும் வர்த்தக ஒப்பந்தங்களில் அதற்கு ஓட்டு இல்லை.

கேள்வி: ஒன்றியத்தில் சேர்ந்தால் சோதனையே இருக்காதுதானே?

துருக்கிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஐரோப்பாவிலேயே உள்வரி 1968-இல் போனது. உள் எல்லையில் சுங்கக் காகிதம் 1993 ஜனவரி 1-இல்தான் போனது.